முதலில் ரௌட்டர் கடிகாரத்தைச் சரிபாருங்கள்

மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் ஆஸ்பத்திரிக்கோ வங்கிக்கோ வயர்லெஸ் இணைப்பு கொடுக்கிறீர்களா, பாஸ்வேர்ட் வைத்த கையோடு ரௌட்டரில் என்டிபி-யை (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைத் தானே சரிசெய்யும் முறை) ஆன் செய்து என்ஐசி (மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம்) நேர சர்வரைக் கொடுங்கள், நேர மண்டலம் +5:30. லாக் (யார் எப்போது இணைந்தார் என்ற பதிவு) தனிக் கணினிக்குப் போகட்டும். மலிவான ரௌட்டர் பலவற்றில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, காற்று மழையில் கரண்ட் போய் வந்தால் (நம் கடற்கரையில் கேட்கவே வேண்டாம்) தேதி 1970 ஜனவரி 1 போன்ற ஏதோ பழைய நாளில் நிற்கும், உள்ளே இருந்த லாக்கும் பெரும்பாலும் போயிருக்கும். செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) 2022 உத்தரவோ லாக்கை 180 நாள் வைக்கச் சொல்கிறது, கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். நேரம் சரியாக உள்ள லாக் யார் எப்போது நுழைந்தார் என்று காட்டும், அவ்வளவுதான், தடுக்காது. அப்புறம், வெளி இணையமே தொடாத உள் நெட்வொர்க்குக்கு என்ஐசி சர்வர் வேலைக்காகாது, அங்கே செயற்கைக்கோளிலிருந்து நேரம் எடுக்கும் ஜிபிஎஸ் கடிகாரம் வையுங்கள்.