12 காயின்ல ஒண்ணு போலி, 3 தடவைதான் எடை போடலாம்: தராசு புதிர் போடுறது எப்படி

ரெண்டு தட்டு வச்ச பழைய தராசு ஒண்ணு, பாக்க அச்சு அசலா ஒரே மாதிரி காயின் கொஞ்சம், அதுல ஒண்ணு மட்டும் எடையில வேற, குறைஞ்ச தடவை எடை போட்டு அதைப் பிடிக்கணும். எடைக்கல் கிடையாது, கிராம் காட்டுற மெஷினும் கிடையாது. எந்தத் தட்டு இறங்குது, இல்ல ரெண்டும் சமமா நிக்குதா, அவ்ளோதான் தெரியும்.

மொதல்ல சின்னதா ஆரம்பிப்போம். 9 காயின், ஒண்ணு மட்டும் கனம். எங்க அக்கா பையன்கிட்ட குடுத்தேன், அவன் யோசிக்கவே இல்ல, நாலு இந்தப் பக்கம் நாலு அந்தப் பக்கம்னு வச்சான், இறங்குன நாலை ரெண்டு ரெண்டா வச்சான், அப்புறம் ஒண்ணு ஒண்ணு, ஆக 3 தடவை. அனேகமா எல்லாருமே இப்படித்தான் பாதி பாதியா பிரிப்பாங்க, நானும் அப்படித்தான் பிரிச்சேன். ஆனா தட்டு ரெண்டா இருந்தாலும் தராசு சொல்ற பதில் மூணு: இடது இறங்கும், வலது இறங்கும், சமமா நிக்கும். சமமா நின்னா நம்ம ஆளு வெளிய கெடக்குறான்னு அர்த்தம், அதாவது தட்டுல ஏத்தாத காயினைப் பத்தியும் தராசு பேசுது. அதனால 3, 3, 3ன்னு பிரிங்க. மூணுக்கு மூணு வச்சா போலி எந்தக் கும்பல்ல இருக்குன்னு ஒரே தடவைல தெரிஞ்சுரும், அந்த மூணுல ஒண்ணுக்கு ஒண்ணு வச்சா முடிஞ்சுது, மொத்தம் 2 தடவை. இதே கணக்குல 27 காயினுக்கு 3 தடவை, 81க்கு 4.

இப்போ பெருசு. 12 காயின், ஒண்ணு போலி, ஆனா அது கனமா லேசான்னு தெரியாது. 3 தடவைல எந்தக் காயின்னும் சொல்லணும், கனமா லேசான்னும் சொல்லணும்.

கைய வைக்கிறதுக்கு முன்னாடி எண்ணிருங்க. 12 காயின்ல எதுவும் போலியா இருக்கலாம், ஒவ்வொண்ணும் கனமாவும் இருக்கலாம் லேசாவும் இருக்கலாம், ஆக 24 சந்தேகம். மூணு தடவை எடை போட்டா 3×3×3, 27 விதமா பதில் வரும். 24 அதுக்குள்ள அடங்குது, அப்போ முடியலாம். மொதல் தடவைக்கு அப்புறம் கைல இருக்கிறது ரெண்டே தடவை, அதால 9 சந்தேகம் வரைக்கும்தான் தீக்க முடியும். 3க்கு 3 வச்சு சமமா நின்னா வெளிய 6 காயின், 12 சந்தேகம், போச்சு. 5க்கு 5 வச்சு சாஞ்சா 10 சந்தேகம், அதுவும் போச்சு. 4க்கு 4 வச்சா எப்படி வந்தாலும் 8தான் மிஞ்சும். அதனால 4க்கு 4, வேற வழியே இல்ல.

பேப்பரைக் கிழிச்சு 1லேருந்து 12 வரைக்கும் நம்பர் போட்டு வச்சுக்கோங்க, மனசுலயே போட்டா ரெண்டாவது ரவுண்டுல குழம்பும், கேரன்டி.

1, 2, 3, 4 இடது, 5, 6, 7, 8 வலது. சமமா நின்னா இந்த எட்டும் சுத்தம், போலி 9லேருந்து 12க்குள்ள. இது ஈஸி. 9, 10, 11ஐ ஒரு தட்டுலயும் நல்லதுன்னு தெரிஞ்ச 1, 2, 3ஐ இன்னொண்ணுலயும் வைங்க. சமம்னா 12தான், அதை 1கூட வச்சா கனமா லேசான்னு தெரிஞ்சுரும். 9, 10, 11 இருக்கிற தட்டு இறங்குனா போலி கனம், 9க்கு 10 வைங்க, இறங்குறது போலி, சமம்னா 11. ஏறுனா அதே கதை தலைகீழா.

இடது இறங்குனாதான் ஆட்டம். நிறைய பேர் இங்கதான் விட்டுட்டுப் போயிருவாங்க. நம்பர் பக்கத்துல ஒரு எழுத்து போடுங்க: 1, 2, 3, 4க்கு க (போலியா இருந்தா கனமாத்தான் இருக்க முடியும்), 5, 6, 7, 8க்கு ல (போலின்னா லேசு). 9 நல்லது. இப்போ சில காயினைத் தட்டு மாத்தணும், சிலதை வெளிய எடுக்கணும்: இடதுல 1க 2க 5ல, வலதுல 3க 6ல 9, வெளிய 4க 7ல 8ல. எட்டு சந்தேகமும் மூணு, ரெண்டு, மூணா பிரிஞ்சுருச்சு பாத்தீங்களா.

மறுபடி இடது இறங்குனா 1க, 2க, 6ல மூணுல ஒண்ணு. 1க்கு 2 வைங்க, இறங்குறது கனமான போலி, சமம்னா 6 லேசு. இந்தத் தடவை வலது இறங்குனா தட்டு மாறுன ஆளுங்கதான் காரணம், 3க இல்லன்னா 5ல. 3ஐ 9கூட வைங்க, 3 இறங்குனா அது, சமம்னா 5. சமமா நின்னா வெளிய எடுத்த மூணு, 7க்கு 8 வைங்க, ஏறுறது லேசான போலி, ரெண்டும் சமம்னா 4 கனம். மொதல்லயே வலது இறங்கியிருந்தா க, ல எழுத்தை மாத்திப் போட்டு, இறங்குறது ஏறுறதையும் தலைகீழா எடுத்துக்கிட்டு இதையே பண்ணுங்க.

ஃப்ரீமேன் டைசன், ஆமா அந்த இயற்பியல்காரர்தான், 1946லயே இதுக்குப் பொதுவான விடை எழுதியிருக்காரு. 4 தடவைன்னா 39 காயின் வரைக்கும் போகலாம்.

ஹேங்கர்ல ரெண்டு பேப்பர் கப் கட்டி நிஜமாவே செஞ்சு பாத்தேன், காத்தாடிய ஆஃப் பண்ண மறந்துட்டு பத்து நிமிஷம் எல்லா காயினும் போலின்னு நெனச்சிட்டு இருந்தேன்.

இது வந்துருச்சுன்னா 13 காயினை எடுத்துப் பாருங்க. 26 சந்தேகம், 27க்குள்ள அடங்குது, ஆனா 4க்கு 4 வச்சு சமமா நின்னா வெளிய 5 காயின், 10 சந்தேகம். கடைசில மத்ததெல்லாம் நல்லதுன்னு ஆகி 13தான் போலின்னு கைகாட்டிரலாம், ஆனா அது கனமா லேசான்னு கேட்டா சொல்ல முடியாது, ஏன்னா அது ஒரு தடவை கூடத் தட்டுல ஏறவே இல்ல.