எஸ்எஸ்டி போட்ட பிறகும் கணினி மந்தமாக இருக்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி திணறினால் பலரும் முதலில் இயங்குதளத்தைத்தான் குறை சொல்கிறார்கள். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறார்கள்; அதுவும் போதாவிட்டால் ராமைக் கூட்டுகிறார்கள். சில நாட்களில் பழைய மந்தம் திரும்பிவிடுகிறது. இயங்குதளம் சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதா, சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் செலவழிப்பதுதான் முதல் தவறு.

பார்ப்பது எளிது. கணினி திணறும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் பகுதியைக் கவனியுங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் பயன்பாடு 100 சதவீதம் என்று இருக்கும். ஆனால் வாசிக்கும் வேகம் வினாடிக்கு ஒன்றிரண்டு மெகாபைட் அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கும். இது முரண் போலத் தோன்றினாலும் கணக்குச் சரிதான். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிவினாடி ஆகிறது. தேவையான இடம் வாசிப்பு முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை சரியான தடத்துக்கு நகர மேலும் எட்டு, ஒன்பது மில்லிவினாடி. ஆக, எங்கோ கிடக்கும் ஒரு சிறு துண்டை எடுக்கப் பன்னிரண்டு மில்லிவினாடிக்கு மேல் ஆகிறது. வினாடிக்கு எண்பது துண்டுகள் எடுத்தாலே பெரிது. ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் மொத்தம் 320 கிலோபைட். அரை மெகாபைட்கூட இல்லை!

அதே ஹார்ட் டிஸ்க் ஒரு பெரிய வீடியோ கோப்பை வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நகலெடுத்துவிடும். ஆனால் இயங்குதளம் தொடங்கும்போதும் செயலிகள் திறக்கும்போதும் கேட்பது சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை. எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை, சுமார் 0.1 மில்லிவினாடியில் பதில் வந்துவிடுகிறது. கணினியின் சுறுசுறுப்பைத் தீர்மானிப்பது இந்தக் காத்திருப்பு நேரம்தான்.

இதை உணராததால்தான் பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பார்த்து ஏமாறுகிறோம். பழைய இணைப்பு முறையான சாட்டாவில் இயங்கும் எஸ்எஸ்டி வினாடிக்கு சுமார் 550 மெகாபைட் தரும். அதைவிட வேகமான பிசிஐஇ இணைப்பின் நான்காம் தலைமுறையில் இயங்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி 7000 வரை போகும். அதற்காக விண்டோஸ் பன்னிரண்டு மடங்கு வேகமாகத் திறக்காது. 4 கிலோபைட் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால், அந்த 7000 டிரைவும் வினாடிக்கு நூறு மெகாபைட்டைத் தாண்டுவது அரிது. பெரிய வீடியோக்களைத் தொகுப்பவருக்கு அந்த வேகம் உண்மையாகவே உதவும். மின்னஞ்சலும் உலாவியும் பயன்படுத்துபவர் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறினாலே பெரும் பலன் கிடைத்துவிடும்.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவில் சாட்டாவும் வருகிறது, என்விஎம்இயும் வருகிறது. சில மதர்போர்டுகளின் எம்.2 செருகுவாய் இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். பழைய பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) உள்ள பல கணினிகளால் என்விஎம்இயிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்கவே முடியாது. கையேட்டைப் படித்த பிறகு வாங்குங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, நல்ல எஸ்எஸ்டியைப் பொருத்திவிட்டு அதில் படங்களையும் பாடல்களையும் நிரப்புவது. விண்டோஸ் மட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே தங்கிவிடும். இயங்குதளத்தை முறையாக நகலெடுத்தவர்களும் சில சமயம் பயாஸில் தொடக்க வரிசையை மாற்ற மறந்துவிடுகிறார்கள். கணினி பழைய டிரைவிலிருந்தே தொடங்கும். பழி எஸ்எஸ்டி மேல் விழும். டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. ஃபிளாஷ் நினைவகத்தில் தரவைச் சிறு பக்கங்களாக எழுதலாம், ஆனால் பெரிய தொகுதிகளாகத்தான் அழிக்க முடியும். காலியிடம் குறைந்தால், எழுதுவதற்கு முன் பழையதை இடம் மாற்றி அழிக்கும் வேலை கூடிவிடுகிறது. ஒரு செல்லில் நான்கு பிட்டுகளைத் திணிக்கும், விலை குறைந்த கியூஎல்சி வகைகளில் வேகமான இடைச்சேமிப்பு (கேஷ்) தீர்ந்தபின் எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க்கை விடவும் கீழே இறங்கக்கூடும். பத்து முதல் இருபது சதவீதம் வரை காலியாக விட்டால் நல்லது.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று பயந்து, ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிரைவில் வைத்திருக்கும் பேஜ் ஃபைலை நிறுத்திவிடச் சொல்லும் அறிவுரையைப் பின்பற்றாதீர்கள். நினைவகம் நிறையும்போது செயலிகள் திடீரென மூடிக்கொள்ளும். ஒரு டெராபைட் எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 600 டெராபைட் வரை எழுத உத்தரவாதம் உண்டு. தினமும் 50 கிகாபைட் எழுதினாலும் அது தீர முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்க்கும் தனி டீஃபிராக் மென்பொருளும் வேண்டாம். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதலே, அழித்த கோப்புகளின் இடம் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் வசதி இருக்கிறது. இன்றைய விண்டோஸ் எஸ்எஸ்டியை அடையாளம் கண்டு, வாரம் ஒருமுறை தானே அதைச் செய்கிறது. அந்த அட்டவணையை அணைக்காமல் இருந்தாலே போதும்.

அதே டிரிம்மால், எஸ்எஸ்டியில் அழித்த கோப்பை மீட்பது பெரும்பாலும் முடியாத காரியம். ஹார்ட் டிஸ்க் காலத்தில் மீட்பு மென்பொருளை நம்பி இருந்தவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கழற்றிய ஹார்ட் டிஸ்க் பழுதில்லாமல் இருந்தால் ஒரு வெளியுறையில் போட்டு, கோப்புகளின் காப்புப் பிரதிகளை அதில் வைத்துக்கொள்ளலாம். அந்த வேலைக்கு அதன் வேகம் தாராளம்.