அந்தச் சுட்டி எங்கே போனது? பாடத்துக்கான இணைய வளங்களை ரெயின்டிராப்பில் அடுக்குவது எப்படி

பத்தாம் வகுப்புக்கு ஒளியியல் நடத்த வேண்டும். திரையில் காட்ட அருமையான பக்கம் ஒன்று போன மாதம் கண்ணில் பட்டது. இப்போது தேடினால் அது வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. இப்படிப் பல முறை பட்ட பிறகுதான், இணையச் சுட்டிகளைச் சேமித்து அடுக்கி வைக்கும் சேவையான ரெயின்டிராப்புக்கு நான் வந்தேன். இலவசக் கணக்கே தாராளம்.

முதலில் ரெயின்டிராப் டாட் ஐஓ தளத்தில் கணக்கு தொடங்குங்கள். கூகுள் கணக்கு இருந்தால் ஒரு நிமிட வேலை. கணினியில் குரோம் எக்ஸ்டென்ஷன், போனில் செயலி, இரண்டையும் நிறுவிவிடுங்கள்.

அப்புறம் ‘கலெக்‌ஷன்’. சுட்டிகளைப் போட்டு வைக்கும் தொகுப்பு இது. நான் சறுக்கியது இங்கேதான். வீடியோ, பிடிஎஃப், வினாத்தாள் என்று பிரித்து வைத்தேன். மணி அடித்த பிறகு ஒரே பாடத்துக்காக மூன்றையும் துழாவ வேண்டியிருந்தது. பாடநூல் வரிசையிலேயே போங்கள்: ‘10 அறிவியல்’ என்று ஒரு கலெக்‌ஷன், அதற்குள் ‘1 இயக்க விதிகள்’, ‘2 ஒளியியல்’, ‘3 வெப்ப இயற்பியல்’. வீடியோவா, பயிற்சித்தாளா என்பதைக் குறிக்க ‘டேக்’ என்ற அடையாளச் சொல் இருக்கிறது.

சரி, ஒன்றைச் சேர்த்துப் பார்ப்போம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் ஃபெட் தளத்தில், காற்று, நீர், கண்ணாடி என ஊடகத்தை மாற்றி ஒளிக்கதிர் வளைவதைத் திரையிலேயே பார்க்க ஒரு கணினி மாதிரி இருக்கிறது. அதைத் திறந்து, எக்ஸ்டென்ஷனை அழுத்தி, ‘2 ஒளியியல்’ என்று தேர்ந்தெடுங்கள். அதோடு மூடிவிடாதீர்கள். குறிப்புக்கான கட்டத்தில், இரண்டு மாதம் கழித்து வரப்போகும் உங்களுக்கே எழுதுவதுபோல் எழுதுங்கள். என்னுடையது இது: “மாறுநிலைக் கோணம் என்ற சொல்லைச் சொல்லும் முன் காட்டு. நீரிலிருந்து காற்றுக்கு, கோணத்தைக் கூட்டிக்கொண்டே போ. 49 டிகிரி வாக்கில் கதிர் வெளியே வராது. ஏன் என்று கேள்.” குறிப்பில்லாத சுட்டியை நான் இரண்டாம் முறை திறந்ததே இல்லை. பாடநூலின் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வரும், அரசின் இணையக் கல்வித் தளமான திக்‌ஷா பக்கத்தையும் இப்படியே சேர்க்கலாம்.

மாணவர்களுக்குக் கொடுக்க, கலெக்‌ஷனின் ‘ஷேர்’ பகுதியில் பொதுச் சுட்டி எடுக்கலாம். விடைக்குறிப்பை மட்டும் வேறு கலெக்‌ஷனுக்கு மாற்றிவிடுங்கள். பிள்ளைகள் அதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

கடைசியாக, பருவத்துக்கு ஒரு முறை செட்டிங்ஸில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து எச்டிஎம்எல் கோப்பாக இறக்கி வையுங்கள். இதே வேலையைச் செய்துவந்த பாக்கெட் சேவையை மொசில்லா 2025 ஜூலை 8 அன்று மூடிவிட்டது. கையில் அந்தக் கோப்பு இருந்தால் குரோமின் புக்மார்க்கிலேயே அதை ஏற்றிக்கொள்ளலாம்.