அடியைக் குறுக்கினேன், முட்டிவலி விட்டது

ஓடும்போது ஐந்து கிலோமீட்டர் தாண்டினாலே வலது முட்டியில் குத்தல் எடுக்கும். ஷூவை மாற்றினேன், ஓய்வெடுத்தேன். திரும்ப ஓடினால் அதே வலி.

ஒருநாள் நண்பர் பக்கவாட்டில் நின்று என் ஓட்டத்தை செல்போனில் எடுத்தார். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது: பாதம் உடம்புக்கு வெகு முன்னால் போகிறது, முட்டி மடங்காமல் நீண்டபடி குதிகால் தரையில் இடிக்கிறது. ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக்!

முதலில் முன்பாதத்தில் இறங்கப் பழகினேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அப்புறம் ஒன்றை மட்டும் மாற்றினேன், அடிகளின் எண்ணிக்கையை. நிமிடத்துக்கு 158 அடி வைத்துக்கொண்டிருந்தேன். அதே வேகத்தில் 168 ஆக்கினேன், அதனால் ஒவ்வொரு அடியும் குறுகியது. காதில், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியின் 'டிக் டிக்'. 180தான் சரி என்பார்கள். அது ஆளையும் வேகத்தையும் பொறுத்தது. இருப்பதைவிட 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முட்டியின் பாரம் குறையும்.

அடி குறுகியதும் பாதம் தானாகவே உடம்புக்குக் கிட்டத்தில் இறங்கியது. யாரும் 'பாதத்தை இங்கே வை' என்று சொல்லவில்லை. ஓட்டம் பிறவியில் வருவது, சொல்லிக்கொடுக்க முடியாது என்று சிலர் சொல்வதை நான் இனி ஏற்கமாட்டேன். சரியான ஒரு குறிப்பு கிடைத்தால் உடம்பு கற்றுக்கொள்கிறது.

முதல் இரண்டு வாரம் மூச்சு வாங்கியது. ஆறாவது வாரம் 'டிக் டிக்' இல்லாமலே கால் அந்தத் தாளத்துக்கு வந்துவிட்டது. இப்போது 10 கிலோமீட்டர் வலியில்லாமல் ஓடுகிறேன்.