கோழிக்குஞ்சுக்கு ஒரு கம்பளித் தாய்

பகல் நீள நீளப் பெட்டைக்கோழிக்கு முட்டை கூடும். வெளிச்சம் 14 மணி நேரத்தைத் தொடும்போது முழு வீச்சில் இடும், அடைக்கும் உட்காரும். வசந்தத்தில் பொரித்த குஞ்சு ஐந்து, ஐந்தரை மாதத்தில் முட்டைக்கு வந்துவிடும். பகல் மறுபடி மிகவும் குறுகுவதற்குள் அது நடந்துவிடுவதால்தான் கோழி வளர்ப்பவர்கள் இந்தப் பருவத்தை விடுவதில்லை.

நல்ல அடைக்கோழி ஒன்று இருந்தால் கீழே வருவதில் பாதி தேவைப்படாது. அடியில் 10, 12 முட்டை வைத்து, சாம்பல் தூவிப் பேனை ஒழித்து, பக்கத்தில் தீவனமும் தண்ணீரும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். வெப்பம், முட்டை திருப்புவது, இரை காட்டுவது எல்லாம் அதன் பொறுப்பு. இன்குபேட்டரில் பொரிப்பவர்களுக்கும், ஒருநாள் குஞ்சு வாங்கி வளர்ப்பவர்களுக்கும்தான் தாயின் வேலை தலையில் விழுகிறது. அந்த வேலையில் பாதியைப் பின்னல் ஊசியால், கம்பளிப் பட்டைகள் தொங்கும் ஒரு சட்டம் செய்து முடிக்கலாம். பொரிக்கும் 21 நாளும் அதற்குப் போதும்.

முட்டைக்கு வேண்டியவை

அடைக்கு வைக்கும் முட்டை 7 நாளுக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பொரிக்கும் வாய்ப்பு குறையும். 15 முதல் 18 டிகிரி செல்சியஸில், கூர்முனை கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். கழுவவே கூடாது: ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி நேராக உள்ளே போகும். எச்சம் ஒட்டிய முட்டையைச் சமையலுக்கு ஒதுக்குங்கள்.

விசிறி உள்ள இன்குபேட்டருக்கு 37.5 டிகிரி. விசிறி இல்லாததில் வெப்பம் அடுக்கடுக்காக நிற்கும் என்பதால் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 டிகிரி வைக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் தரைமட்டத்தில் அளந்து முழு ஈட்டையும் வேகவைத்தவர்கள் நிறைய. ஈரப்பதம் முதல் 18 நாளுக்கு 45 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாளுக்கு 65 முதல் 70. கையால் திருப்பினால் ஒரு நாளைக்கு 3 அல்லது 5 முறை. ஒற்றைப்படையாக இருந்தால் நீண்ட இரவுப் பொழுதில் முட்டை தினமும் ஒரே பக்கமாகக் கிடக்காது. 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்துங்கள், மூடியையும் திறக்காதீர்கள்.

7ஆம் நாள் இருட்டறையில் டார்ச் பிடித்துப் பாருங்கள். சிலந்தி போல நரம்பு படர்ந்திருந்தால் கரு இருக்கிறது. தெளிவாக மஞ்சளாகத் தெரிந்தால் கருவில்லை. ஒரு சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் கரு தொடக்கத்திலேயே செத்துவிட்டது. இந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். கூமுட்டை உள்ளே வெடித்தால் நாற்றத்தோடு நிற்காது, நல்ல முட்டையையும் கெடுக்கும்.

ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். பொறுமை இழந்து உரித்துவிட வேண்டாம். அந்த நேரத்தில்தான் குஞ்சு மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, ஓட்டோரத்து இரத்தநாளமும் வற்றுகிறது; உரித்தால் இரத்தம் கொட்டும். பொரித்த குஞ்சு தூவி (பஞ்சு போன்ற மென்மயிர்) காயும்வரை உள்ளேயே இருக்கட்டும். மஞ்சள் கரு வயிற்றில் இருப்பதால் இரையில்லாமல் இரண்டு நாள் தாங்கும். ஒருநாள் குஞ்சுகளைத் தொலைதூரம் அனுப்ப முடிவதும் அதனால்தான்.

கம்பளித் தாய்

குஞ்சுக்குச் சூடான அறை வேண்டியதில்லை. போய்ச் சூடேற்றிக்கொண்டு திரும்ப ஓர் இடம் வேண்டும். தாய்க்கோழி செய்வது அதுதான்: குளிர்ந்தால் இறக்கைக்கடியில் போகும், சூடானதும் வெளியே ஓடிவந்து கொத்தும். ஒரு சட்டத்திலிருந்து தொங்கும் கம்பளிப் பட்டைகள் குஞ்சுகளின் சொந்த வெப்பத்தையே பிடித்து வைத்து இறக்கையின் வேலையைச் செய்யும்.

பின்னிய துணியை அப்படியே தொங்கவிடக் கூடாது. பின்னல் கண்ணியில் குஞ்சின் கால்விரல் மாட்டும். இழுத்துக்கொண்டு நின்றால் ஓர் இரவில் விரல் கறுத்துவிடும். பின்னி முடித்து, வெந்நீரில் அடித்துக் கம்பளம் போல இறுக்கிவிட்டால் கண்ணியும் மறையும், கத்தரியால் வெட்டினாலும் நூல் பிரியாது.

நூல் தேர்வில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 100 சதவீத ஆட்டுக்கம்பளியாக இருக்க வேண்டும். 'மெஷினில் துவைக்கலாம்' என்று லேபிளில் போட்ட கம்பளி சுருங்காதபடி பதப்படுத்தப்பட்டது, எத்தனை முறை வெந்நீரில் போட்டாலும் இறுகாது. அக்ரிலிக் அடியோடு வேண்டாம். அது இறுகாது, ஈரத்தை உறிஞ்சாது, சூட்டில் உருகும். கம்பளியோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் உலர்ந்தே தெரியும்.

12 குஞ்சுக்கு 30 செமீ நீள அகலமுள்ள சட்டம் போதும். 100 கிராமுக்குச் சுமார் 200 மீட்டர் வரும் நடுத்தரத் தடிமன் நூலில் 250 கிராம், 6.5 மிமீ ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிடப் பெரிய ஊசி எதற்கென்றால், தளர்வாகப் பின்னியதுதான் நன்றாக இறுகும். 56 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை நேர்க்கண்ணி (நிட்), மறுவரிசை மறுகண்ணியாக (பர்ல்) 155 செமீ நீளத்துக்குப் பின்னுங்கள். விளிம்பு சுருளும், கவலை வேண்டாம், வெந்நீரில் சரியாகிவிடும். அகலம் ஏறக்குறைய 40 செமீ இருக்கும்.

முழுதும் பின்னுவதற்கு முன் 15 செமீ சதுரத் துண்டு ஒன்றைப் பின்னிச் சுருக்கிப் பாருங்கள். நூலுக்கு நூல் சுருக்கம் மாறும். பொதுவாக அகலத்தில் கால்பங்கும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவும் குறையும். உங்கள் நூல் குறைவாகச் சுருங்கினால் கண்ணியைக் குறையுங்கள்.

60 டிகிரி வெந்நீர், கொஞ்சம் சோப்பு, வாஷிங் மெஷினில் ஒரு பழைய ஜீன்ஸோடு ஒரு சுற்று. கண்ணியின் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை சுற்றுகளைக் கூட்டலாம். பிறகு சோப்பு சுத்தமாகப் போகும்வரை அலசி, தரையில் விரித்துக் காயவையுங்கள். காய்ந்ததை 14 செமீ உயரமுள்ள ஏழு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் மேல் ஓரத்தில் 3 செமீயை வெட்டாமல் விட்டு, கீழிருந்து 2.5 செமீ அகலப் பட்டைகளாகக் கத்தரியுங்கள். மேல் ஓரத்தைச் சட்டத்தில் 4 செமீ இடைவெளியில் வரிசையாக ஆணியடிக்க வேண்டும். பின்னல் தெரியாதவர்கள் பழைய கம்பளி ஸ்வெட்டரை இதேபோல் சுருக்கி வெட்டிக்கொள்ளலாம். மிஞ்சிய நூலில் கோழிக்கே ஸ்வெட்டர் பின்னும் ஆசை மட்டும் வேண்டாம். இறகைக் கோதவிடாமல் தடுத்து, அடியில் ஈரத்தையும் பேனையும் வளர்ப்பதைத் தவிர அது ஒன்றும் செய்யாது.

சட்டத்துக்கு நான்கு கால் வையுங்கள். பட்டையின் நுனி தரைத்தூளைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், வாரத்துக்கு 2 அல்லது 3 செமீ ஏற்ற வேண்டும். தொங்கும் ஒற்றை நூலிழை கண்ணில் பட்டால் உடனே கத்தரித்துவிடுங்கள்.

பெட்டி

12 குஞ்சுக்கு 60 × 100 செமீ பெட்டி, 45 செமீ சுவர். இது முதல் மூன்று வாரத்துக்குத்தான். பிறகு இடத்தை இரட்டிப்பாக்கி மேலே வலை போட வேண்டும், இல்லையென்றால் பறந்து வெளியே வந்துவிடும். அடியில் 5 முதல் 7 செமீ மரச்சீவல். மரத்தூளைக் குஞ்சு தின்றுவிடும். வழவழப்பான செய்தித்தாளில் கால் வழுக்கிப் பக்கவாட்டில் விரிந்துபோகும்.

கம்பளித் தாய் இருந்தாலும் முதல் வாரம் விளக்கு வேண்டும். முதல் இரண்டு வாரம் குஞ்சுக்குத் தன் உடல் சூட்டை முழுதாகக் காத்துக்கொள்ளத் தெரியாது. விளக்குக்கு நேர் கீழே குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி இருக்கட்டும், வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். எல்இடி பல்பைத் தொங்கவிட்டுவிட்டுக் குஞ்சு ஏன் நடுங்குகிறது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வெளிச்சம்தான் தரும். இந்த அளவுப் பெட்டிக்கு 100 வாட் சூடு போதும். பெரிய கொட்டகைக்கான 250 வாட் விளக்கு இங்கே குஞ்சுகளைப் பொசுக்கிவிடும். விளக்கைச் சங்கிலியில், இரண்டு இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். கிளிப்பை மட்டும் நம்பினால் சீவலில் விழுந்து தீப்பிடிக்கும். விளக்கு பெட்டியின் ஒரு முனையில், கம்பளித் தாய் நடுவைத் தாண்டி மறுபுறம், தண்ணீரும் தீவனமும் குளிர்ந்த முனையில்.

மாலை மங்கும்போது குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பட்டைக்கடியில் தள்ளிவிட வேண்டும். இரண்டு மூன்று மாலையில் பழகிவிடும். இரண்டாம் வாரத்தில் பகலில் விளக்கை அணைத்துப் பாருங்கள், பிறகு இரவிலும். அறை 18 டிகிரிக்குக் கீழே போனாலோ, குஞ்சு 10க்குக் குறைவாக இருந்தாலோ அவசரப்பட வேண்டாம். ஒன்றையொன்று சூடாக்கப் போதுமான உடம்பு இருந்தால்தான் கம்பளி வேலை செய்யும்.

தெர்மாமீட்டரைவிடக் குஞ்சு தெளிவாகப் பேசும். விளக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உரக்கக் கீச்சிட்டால் குளிர். சுவரோரம் ஒதுங்கி, இறக்கை விரித்து, வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. எல்லாம் ஒரே மூலையில் திரண்டால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்தும் கொத்தியும் மெல்லக் கீச்சிட்டுக்கொண்டும் இருந்தால் நீங்கள் போய்த் தூங்கலாம்.

தண்ணீரும் தீவனமும்

பெட்டியில் விடும்போது ஒவ்வொரு குஞ்சின் அலகையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருமுறை நனையுங்கள், குடிக்கக் கற்றுக்கொள்ளும். தட்டில் கூழாங்கல் போட்டால் விழுந்து நனையாது. நனைந்த குஞ்சு குளிரில் சாகும். அடுத்த வாரம் தண்ணீர்க் குவளையை முதுகு உயரத்துக்கு ஏற்றுங்கள். பெட்டி ஈரமாவதற்கு முக்கால்வாசிக் காரணம் தாழ்ந்த குவளைதான்.

தீவனம் 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனம். ஆறு வாரத்தில் ஒரு குஞ்சு ஏறக்குறைய ஒரு கிலோ தின்னும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள்: ஓட்டுக்காகச் சேர்த்த 3.5 முதல் 4 சதவீதச் சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தானியமோ கீரையோ கொடுத்தால் கூடவே பொடி மணலும் வேண்டும். பல்லில்லாத பிராணிக்கு இரைப்பையில் அரைப்பது அந்த மணல்தான்.

கெடுவது எங்கே

முதல் வாரத்தில் ஆசனவாயில் எச்சம் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பயணமும், குளிர் அல்லது அதிகச் சூடும் காரணம். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து எடுங்கள், பிய்க்க வேண்டாம். வயிற்றுப் பக்கம் இருக்கும் காய்ந்த தொப்புளை எச்சம் என்று நினைத்து இழுத்துவிடாதீர்கள்.

கால் விரிந்த குஞ்சுக்கு இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில், 2.5 முதல் 3 செமீ, ஒட்டும் மென்மையான கட்டுத்துணியால் இணையுங்கள். நூலால் கட்டினால் தோலை அறுக்கும். முதல் இரண்டு நாளில் கவனித்தால் மூன்று நான்கு நாளில் சரியாகிவிடும். ஒரு வாரம் கழித்துக் கட்டிப் பயனில்லை.

அதிகம் கொல்வது இரத்தக் கழிச்சல். மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை வரும். குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண் மூடி நிற்கும், எச்சத்தில் இரத்தம் தெரியும். எச்சத்தில் வெளியேறும் ஒட்டுண்ணி முட்டை, சூடும் ஈரமும் சேர்ந்த தூளில் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். அதனால் குவளையைச் சுற்றியுள்ள ஈரச் சீவலைத் தினமும் அள்ளுவதே முதல் மருந்து. வந்துவிட்டால் ஆம்புரோலியத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் தண்ணீரில் கொடுங்கள். அது பி1 வைட்டமினைப் போல நடித்து ஒட்டுண்ணியைப் பட்டினி போடும் மருந்து. கூடவே வைட்டமின் டானிக் ஊற்றினால் மருந்து தோற்கும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு (ராணிகெட் எனும் வைரஸ் நோய்) மருந்தில்லை, தடுப்பூசிதான். முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மறுபடி. அட்டவணை ஊருக்கு ஊர் மாறுவதால் கால்நடை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

கம்பளிப் பட்டைகளை வாரம் ஒருமுறை வெளியே உதறி வெயிலில் போடுங்கள். அடுத்த ஈட்டுக்கு முன் வெந்நீர் சோப்பில் துவையுங்கள். இன்னும் கொஞ்சம் சுருங்கும், சட்டத்தின் காலைக் குறைத்தால் போதும்.

வெளியே விடுவது

ஐந்து, ஆறு வாரத்தில் தூவி உதிர்ந்து முதுகும் கழுத்தும் இறகால் மூடியதும் கூண்டுக்கு மாற்றலாம். முதலில் வெயில் உள்ள நாளில் ஓரிரு மணி நேரம் மட்டும். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், கீரியையும் நாயையும் வெளியே வைக்காது. 12 மிமீ கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலை போட்டு 30 செமீ மண்ணுக்குள் இறக்குங்கள். கூண்டுக்குள் ஒரு கோழிக்கு 0.4 சதுர மீட்டர், மேயும் இடத்தில் ஒரு சதுர மீட்டர். பெரிய கோழிகள் இருந்தால் ஒரு வாரமாவது நடுவில் வலை வைத்துப் பார்க்கவிட்ட பிறகுதான் சேர்க்க வேண்டும். முதல் சில இரவுகள் குஞ்சுகள் பரணில் ஏறாமல் தரை மூலையில் குவிந்து படுக்கும். இருட்டியதும் ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே வையுங்கள், நான்காம் நாள் தாமாகவே ஏறும்.