மூட்டையில் வரும் புல்லட்: பிரித்துப்போட்ட பழைய மோட்டார்சைக்கிளுக்கு விலை மதிப்பது எப்படி

பழைய மோட்டார்சைக்கிள் ஒன்று பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டு, பாதி சாக்குமூட்டையிலும் பாதி அட்டைப்பெட்டியிலுமாக விற்பனைக்கு வரும்போது, ஓடும் வண்டியின் விலையில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ கொடுத்தால் நியாயமாக இருக்கும் என்று பலரும் மனக்கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்குக்கு எந்த அடிப்படையும் இல்லை. முழுமையாக முடிந்து, முறையான பத்திரத்துடன் நிற்கும் வண்டிக்குச் சந்தையில் என்ன கிடைக்குமோ, அதிலிருந்து இந்தக் குவியலை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் மொத்தச் செலவைக் கழித்தால் மிஞ்சுவதுதான் இதன் விலை. சில நேரங்களில் எதுவும் மிஞ்சாது. அப்போது உதிரிபாக மதிப்புக்கு மேல் ஒரு ரூபாயும் தரத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் இப்படி அதிகம் கைமாறுவது பழைய புல்லட் 350 என்பதால் அதையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் 1955-இல் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிய பிறகு, திருவொற்றியூரில் முதலில் இறக்குமதிப் பாகங்களைப் பூட்டியும் பின்னர் எல்லாவற்றையும் இங்கேயே செய்தும் இந்த வண்டி உருவானது. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் நீளம்), 346 சி.சி. என்ற அதன் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் மாறாமல் தொடர்ந்ததால், பிஸ்டன், ரிங், வால்வு, கிளட்ச் பிளேட் போன்றவை இன்றும் கடைகளில் கிடைக்கின்றன.

எதையும் தொடுவதற்கு முன் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். சேசிஸின் தலைப்பகுதியில் உள்ள எண்ணையும் கிராங்க் தண்டைத் தாங்கும் எஞ்சின் கூடான கிராங்க்கேஸில் உள்ள எஞ்சின் எண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். எழுத்துகள் ஒரே உயரத்தில் இல்லாமலோ, சுற்றிலும் அரைத்த தடம் தெரிந்தாலோ, எண்ணுள்ள இடத்தில் வெல்டிங் மேடு இருந்தாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. 1989-க்கு முன் பழைய முறை எண்ணில் பதிவான வண்டிகளின் விவரம் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகன் இணையதளத்தில் ஏறாமல் இருக்கக்கூடும் என்பதால், இணையத்தில் இல்லை என்பதை மட்டும் வைத்து வண்டியை ஒதுக்கவும் கூடாது, விற்பவர் சொல்லை அப்படியே நம்பவும் கூடாது. பதிவு நடந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட வேண்டியது. அது எத்தனை ஆண்டுகளாக விடுபட்டிருக்கிறது என்பதும் செலவுக் கணக்கில் வரும். 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதியின்படி ‘வி.ஏ.’ எழுத்துள்ள எண் பெற வழி உண்டு. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி அசல் வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்று அந்த விதி கேட்பதால், பின்பக்கம் அறுத்து உருமாற்றிய சேசிஸுக்கு அந்த வழியை நம்பி விலை பேசுவது வீண்.

பத்திரம் சரியாக இருந்தால், விற்பவர் மறுத்தாலும் கெஞ்சியாவது, எல்லாவற்றையும் ஒரு தார்ப்பாயில் வண்டி நிற்கும் ஒழுங்கிலேயே பரப்பிப் பார்க்க வேண்டும். மூட்டைக்குள் இருக்கும்வரை எல்லாம் இருப்பதாகத்தான் தோன்றும். பரப்பிய பிறகுதான் இடது ஃபுட்ரெஸ்ட் இரண்டு இருப்பதும் வலது ஒன்றுகூட இல்லாததும் தெரியவரும். படங்களுடன் கூடிய உதிரிபாகப் பட்டியல் நூலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறிக்கலாம். பழைய புல்லட்டின் மரைகள் பிரிட்டிஷ் அளவிலானவை. ஆகவே மெட்ரிக் போல்ட்டுகள் நிறையக் கலந்திருந்தால், யாரோ கிடைத்ததைத் திணித்து முடுக்கியிருக்கிறார்கள், உள்மரைகளும் கெட்டிருக்கலாம் என்று கொள்ள வேண்டும். ஏன் பிரித்தார்கள் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். பெயின்ட் அடிப்பதற்காகப் பிரித்து, சீட்டு எழுதிக் கட்டிவைத்த வண்டி வேறு. எஞ்சின் பிடித்துக்கொண்டு, மெக்கானிக் பாதியில் கைவிட்ட வண்டி வேறு. இரண்டாவது வகையில் பெரும்பாலும் மிக முக்கியமான ஒரு பாகம் லேத்துப் பட்டறையிலேயே தங்கிப்போயிருக்கும்.

எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டியது கிராங்க்கேஸ். அதன் இரண்டு பாதிகளும் ஒன்றாக வைத்துத் துளையிடப்பட்டவை என்பதால், வேறு எஞ்சினின் பாதி ஒன்று கலந்திருந்தால் பேரிங் நேராக உட்காராது. செயின் அறுந்து அடித்த இடத்தில் விரிசலோ அலுமினிய வெல்டிங்கோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புல்லட்டில் எண்ணெய் தங்கும் அறையும் கிராங்க்கேஸுக்குள்ளேயே இருப்பதால், பல மழைக்காலம் திறந்து கிடந்த எஞ்சினில் எண்ணெய்ப் பம்பின் பாதை அரிக்கப்பட்டிருக்கலாம். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக நேராக அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் கிராங்க் வேலை நிச்சயம். பக்கவாட்டில் சற்று நகர்வது இயல்பே. போரின் தேய்மானத்தைக் கண்ணால் மதிக்க முடியாது. பட்டறையில் போர் கேஜ் வைத்து மேலும் கீழும் அளந்து, இன்னும் ஒருமுறை போர் போட, அதாவது சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைய, இடமிருக்கிறதா, உள்ளே புதுக் குழாயான ஸ்லீவ் போடத்தான் வேண்டுமா என்று கேட்டறிய வேண்டும்.

எஞ்சினைப் பார்த்தே விலையை முடிவு செய்வது புல்லட் விஷயத்தில் தலைகீழான பழக்கம் என்பது என் எண்ணம். எஞ்சினின் உட்பாகங்கள் கிடைத்துவிடும். ஆனால் வேகமானி, அம்மீட்டர், இரு சிறு விளக்குகள் எல்லாவற்றையும் தாங்கும் அலுமினிய ஹெட்லைட் கூடு, அந்தந்த ஆண்டுக்குரிய டேங்க், மட்கார்டு, டூல்பாக்ஸ், தொடக்கக்கால வண்டிகளின் அமால் கார்புரேட்டர், லூகாஸ் மின்பாகங்கள், ஸ்மித்ஸ் வேகமானி ஆகியவை அசலாகக் கிடைப்பதற்கு மாதக்கணக்கில் அலைய நேரும். சென்னையின் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் விசாரித்து, கிடைக்கும் விலையை எழுதிக்கொண்ட பிறகே பேரத்தில் உட்கார வேண்டும். டேங்கின் உள்ளே டார்ச் அடித்து ஓட்டை பார்க்கவும், வெளியே காந்தத்தை நகர்த்திப் பார்க்கவும் வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரத்துக்கு மேல் கனமாகப் பட்டி பூசியிருக்கிறார்கள்.

மற்ற வண்டிகளில் இந்த அளவுகோல் மாறும். மைசூரின் ஐடியல் ஜாவா 1996-இல் மூடப்பட்டுவிட்டதால், ஜாவா, யெஸ்டி வண்டிகளுக்கு நகல் பாகங்கள் எளிதாகக் கிடைத்தாலும் அசலுக்குத் தனி விலை உண்டு; டூ ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க்கின் நிலையே பெரும் செலவைத் தீர்மானிக்கிறது. எஸ்கார்ட்ஸ் 1980-களில் செய்த ராஜ்தூத் 350-இலோ எஞ்சின், கீர்பாக்ஸ் பாகங்களே அரிது என்பதால், அதில் ஒரு கிராங்க் குறைந்தால் விலையில் பெரும்பகுதியே குறைந்துவிடும்.

கணக்கு விளங்குவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு. முடிந்த வண்டிக்கு உங்கள் ஊரில் 1,50,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். குறையும் பாகங்களுக்கு 40,000, லேத்து வேலைக்கும் எஞ்சின் பூட்டுவதற்கும் 20,000, டிங்கரிங், பெயின்ட், குரோம் முலாமுக்கு 25,000, பத்திரத்துக்கும் வண்டிவாடகைக்கும் 10,000 என்றால் செலவு 95,000, மீதி 55,000. பிரித்த வண்டியில் கண்ணில் படாத குறை கட்டாயம் இருக்கும் என்பதால் செலவில் கால்பங்கை, அதாவது ஏறத்தாழ 24,000-ஐத் தனியே ஒதுக்கினால், கொடுக்கத் தக்க உச்ச விலை 31,000. உங்கள் உழைப்புக்கு இதில் கூலி போடவில்லை. லாபத்துக்காக வாங்குபவர் அதையும் கழிக்க வேண்டும். பத்திரமே இல்லையென்றால் இந்தக் கணக்கு முழுவதையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு பாகத்தையும் தனியாக விற்றால் என்ன வரும் என்று மட்டும் பார்க்க வேண்டும். அதிலும் எண் பொறித்த சேசிஸையும் கிராங்க்கேஸையும் தொடாமல் இருப்பது பாதுகாப்பு, ஏனெனில் திருட்டு வண்டியாக இருந்தால் பாகமும் போகும், வழக்கும் வரும்.

விலை படிந்ததும், தார்ப்பாயில் பரப்பியதைப் படமெடுத்து, இரு எண்களையும் குறைபாகங்களையும் விற்பனைக் கடிதத்திலேயே எழுதி, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையொப்பம் வாங்கிக்கொண்டு, போல்ட்டு நட்டு டப்பா உட்பட அனைத்தையும் அன்றே ஏற்றிவிட வேண்டும். மீதியை அடுத்த வாரம் தேடித் தருகிறேன் என்று சொல்லப்படும் பாகத்துக்கு, அது கைக்கு வரும் நாளில் பணம் கொடுத்தால் போதும்.