தொங்கும் அத்திவாரத்துக்கு அடியில் தாங்கு கட்டுவது எப்படி?

மலையகத்தில் வீடு கட்டச் சமதரை எங்கே கிடைக்கிறது? பின்பக்கம் மேட்டை வெட்டி, அந்த மண்ணையே முன்பக்கம் கொட்டி நிரவி, மேலே கருங்கல் அத்திவாரம் போட்டுத்தான் பல வீடுகள் நிற்கின்றன. வெட்டிய பக்கம் லேசில் அசையாது. கொட்டிய பக்கம் வருஷம் போகப்போகப் பதியும், மழையில் கரையும். கடைசியில் முன்சுவருக்குக் கீழே கையை விட்டால் கல்லுக்கு அடியில் மண்ணே இருக்காது. அந்த வெற்றிடத்தில் கொங்கிறீட் தாங்கு கட்டும் முறை இது. மாடியில்லாத, கல் அத்திவாரம் போட்ட வீட்டுக்கு மட்டும்தான். மாடி வீடென்றால் பொறியியலாளர் வந்து பார்க்காமல் தொடாதீர்கள்.

1. பதிவது சுவரா, நகர்வது மலையா?

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பும் இறுகிப்போன கதவும் சுவர் பதிவதைக் காட்டும். முற்றத்து நிலமே வெடிப்பது, மரங்கள் சாய்வது, திடீரென்று புது ஊற்று கலங்கலாகக் கிளம்புவது எல்லாம் மண்சரிவுக்கான அறிகுறிகள். அதற்குக் கொங்கிறீட் உதவாது. உடனே வெளியேறி, கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் லய வீடுகள் மண்சரிவில் புதைந்தது நமக்குத் தெரியும்.

2. தண்ணீரை மறியுங்கள்

என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான். கூரைத் தகரத்திலிருந்து விழும் தண்ணீர் சுவரோரம் இறங்கும்வரை எத்தனை மூடை சீமெந்து போட்டும் பயனில்லை. பின்மேட்டின் அடியில் காண் வெட்டி, தண்ணீரை வீட்டைச் சுற்றிக் கொண்டுபோய் விடுங்கள். சில வீடுகளில் இதோடே பதிவது நின்றுவிடும். வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வையுங்கள். அதைத் தாண்டி வெடிப்பு வளர்ந்தால்தான் அடுத்த படி.

3. மாதம் பார்த்துத் தொடங்குங்கள்

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, ஹப்புத்தளை பக்கம் ஜூலை, ஓகஸ்ட். தேயிலைக்கு நல்ல மணம் வரும் காய்ந்த மாதங்கள்தான் மண் தோண்டவும் நல்லவை. தோட்டத்து வரிசை வீடான லயமென்றால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு பக்கத்து வீட்டாரின் சம்மதமும் வேண்டும். நடுச்சுவர் இருவருக்கும் பொது.

4. துண்டு பிரியுங்கள்

சுவர் நீளத்தை ஒரு மீற்றர் அளவில் பிரித்து, சுண்ணாம்பால் 1, 2, 3, 1, 2, 3 என்று எழுதுங்கள். முதலில் 1 என்று எழுதிய இடங்களை மட்டும் தோண்ட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு துண்டுகளை ஒரே நேரத்தில் ஒருபோதும் திறக்கக் கூடாது. "ஒரே நாளில் முழுக்க வெட்டிவிடலாம்" என்று சொல்லும் மேசன் பாஸிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். திறந்த துண்டின் பாரத்தை இரண்டு பக்கத்து மண்ணும் சுமப்பதால்தான் சுவர் நிற்கிறது.

5. தோண்டிக் கொங்கிறீட் போடுங்கள்

கொட்டிய மண்ணைக் கடந்து, அலவாங்கு (கடப்பாரை) எளிதில் இறங்காத இறுகிய மண் வரும்வரை போக வேண்டும். குழியின் பக்கங்களுக்குப் பலகை வைத்து முட்டுக் கொடுங்கள். தனியாளாய் இறங்க வேண்டாம், மழை தூறினாலும் வேண்டாம். பழைய கல்லின் அடிப்பாகத்தைத் துடைத்து, ஒட்டியிருக்கும் மண்ணை நீக்குங்கள். சீமெந்து 1, மணல் 2, முக்கால் அங்குலக் கல் 4 என்ற கலவையைப் போட்டு, பழைய அத்திவாரத்துக்கு 3 அங்குலம் கீழே நிறுத்திவிடுங்கள்.

6. இடைவெளியை இறுக்குங்கள்

அவசரப்படுகிறவர்கள் கொங்கிறீட்டை மேல்வரை நிரப்பிவிடுவார்கள். காயும்போது கொங்கிறீட் சுருங்கும். மயிரிழை இடைவெளி விழுந்தாலும் சுவர் அந்த அளவுக்குப் பதியும். அதனால் மறுநாள், 1க்கு 3 சீமெந்து மணலைக் கொஞ்சமாக நனைத்து, கொழுக்கட்டை மாவைப் போலப் பிடித்தால் நிற்கும் பதத்தில் எடுத்து, மரக்கட்டையால் அந்த 3 அங்குலத்தில் அடித்து அடித்துத் திணியுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து 2ஆம் எண், பிறகு 3ஆம் எண். நுவரெலியாக் குளிரில் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக விடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் வெளிப்பக்க மண்ணை அரையடிக்கு ஒருமுறை இடித்து இறுக்கி நிரப்புங்கள். சுவர் வெடிப்பை இப்போதே பூசி மறைக்காதீர்கள். ஒரு மழைக்காலம் போகட்டும். பென்சில் கோட்டைத் தாண்டி வெடிப்பு வளராவிட்டால் பூசலாம்.